காகிதம் விட மறுத்தது

இன்று காலை மலையேறும் வழியில் ரிங்லெட்டில் பசியாற இறங்கினேன். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள கடையில் தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக் பொட்டலம் ஒன்று வாங்கி, மேசையில் வைத்துப் பிரித்தேன். பழுப்புக் காகிதத்தின் உள்பக்கத்தில் மிளகாய்ச் சம்பால் எண்ணெய் சிவப்புச் சிவப்பாக முத்துக் கட்டி நின்றது. காகிதத்தைச் சாய்த்தால் ஓடியது, எங்கும் ஊறவில்லை. பக்கத்து மேசையில் ஒருவர் வடை தின்றுவிட்டுப் போட்டிருந்த நாளிதழ்த் துண்டோ எண்ணெயைக் குடித்து, மறுபக்கத்து எழுத்து தெரியும் அளவுக்குக் கண்ணாடியாகியிருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததில் சோறு ஆறிப்போனது. கடைக்கார அம்மா வந்து, "என்ன மிஸ், உப்பு கூடிப்போச்சா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினேன். உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்ல முடியும்?

நீ போன பிறகு மலைக்கு வருவது எனக்குப் புதிதல்ல. மாதம் தவறாமல் வருகிறேன். ஆனால் உனக்கு எழுத வேண்டும் என்று இன்றைக்குத்தான் தோன்றியது. கடையிலேயே உட்கார்ந்து தொடங்கினேன். மீதியை எங்கே எழுதி முடிப்பேனோ தெரியாது.

பல்கலைக்கழக விடுதியில் நாம் ஒரே அறையில் தங்கியதிலிருந்து தொடங்க வேண்டும். நான் ஈப்போ டவுனில் வளர்ந்தவள். நீ தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்தவள். உன் அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா தொழிற்சாலையில் இலை வாட்டினார். முதல் வாரத்திலேயே நீ மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட, நான் போர்வைக்குள் நடுங்கினேன். "குளிரு இல்லாம எனக்குத் தூக்கம் வராதுடி" என்றாய். அந்த ஒரு விஷயத்தில் கடைசிவரை நமக்குள் சமாதானம் ஏற்படவில்லை.

படிப்பு முடிந்து, நீ வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பி, ஈப்போவில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கே வந்து சேர்ந்தாய். உன் பெட்டியில் துணியைவிட வடிகட்டித் தாள்தான் அதிகம் இருந்தது. மூலக்கூறுகளை எடை பார்த்துப் பிரித்துச் சொல்லும் அந்தக் கருவியைப் பாடப்புத்தகம் நிறை நிறமாலைமானி என்று சொல்லும். நாம் மெஷின் என்றுதான் சொன்னோம். அதற்கு மாதிரி தயாரிப்பதற்குள் எங்களுக்கு ஒரு நாள் போய்விடும். வடிகட்டி, பிரித்து, சுத்தம் செய்து, குழாய்க்குள் ஏற்றி. நீ வந்த முதல் வாரமே ஒரு தாளை முக்கோணமாக வெட்டினாய். நடுவில் ஒரு சொட்டு மாதிரியை வைத்துக் காயவிட்டாய். முனை மெஷினின் வாயைப் பார்த்து நிற்கும்படி கவ்வியில் மாட்டி, மேலே கொஞ்சம் கரைப்பானை விட்டு, மின்னழுத்தம் கொடுத்தாய். கரைப்பான் தாளின் இழைகளுக்கிடையே ஊர்ந்து, வழியில் இருப்பதையெல்லாம் கரைத்துக்கொண்டு முனைக்கு வந்தது. முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பூஞ்சாரலாக உள்ளே பாய்ந்தது. திரையில் கோடுகள் எழும்பி நின்றன.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான்லா. தோட்டத்துல போய்ப் பேப்பர்ல தொட்டு, காயவெச்சு, கவர்ல போட்டுக் கொண்டாந்திடலாம். போத்தல் வேணாம், ஐஸ் வேணாம்."

கொஞ்சம் கழித்து, நான் வியந்து முடிப்பதற்காகக் காத்திருந்தவள் போல, இன்னொன்றும் சொன்னாய். "ஆனா ஒண்ணு. மெஷின் பாக்கிறது பேப்பர் விட்டதை மட்டுந்தான். பேப்பர்ல இருக்கிறதை இல்ல."

அப்போது அதை ஒரு பாட வரி போலக் கேட்டுக்கொண்டேன்.

உன் அண்ணி மல்லிகா போன் செய்த நாள் ஒரு சனிக்கிழமை. நாம் ஆய்வுக்கூடத்தில் வெளிச்சமான ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நீ போனை ஸ்பீக்கரில் போட்டாய். அண்ணியின் குரல் கரகரத்தது.

"வாயெல்லாம் புண்ணும்மா. மொளகா பட்டா உசுரு போகுது. பக்கத்து வீட்டுப் புள்ளைங்க ரெண்டும் வாந்தி. கிளினிக்ல மருந்து குடுக்கிறாங்க, ஆறுது, மறுபடி வருது. எல்லாரும் தண்ணிதான்னு சொல்றாங்க."

உங்கள் லயத்துக்கு ஓடைத் தண்ணீர்தான். மலைச்சரிவில் ஓடையை மறித்து, குழாய் போட்டு, லயத்துக்கு மேலே உள்ள தொட்டியில் விட்டிருந்தார்கள். ஓடைக்கு இன்னும் மேலே ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின் காய்கறித் தோட்டம். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாகக் கீரையும் தக்காளியும். அங்கே மருந்தடிக்கும் நாட்களில் காற்றிலேயே வாடை வரும். லயத்தில் எல்லோருடைய விரலும் அந்தக் கூரைகளைத்தான் காட்டியது.

மறுநாள் என் காடியில் தாப்பா வழியாக ஏறினோம். வளைவுக்கு வளைவு நான் பிரேக்கை மிதிக்க, நீ பக்கத்தில் உட்கார்ந்து தாள்களை முக்கோணம் முக்கோணமாக வெட்டிக்கொண்டே வந்தாய். லயத்தில் இறங்கியதும் உன் அண்ணன் மகள் தேவி ஓடிவந்து பார்த்துவிட்டு, "அத்தை, கோயிலுக்குத் தோரணமா?" என்று கேட்டாள். அவளுக்கும் இரண்டு வெட்டிக் கொடுத்தாய்.

அன்று ஓடைத் தண்ணீரைத் தாளில் சொட்டுவிட்டு, காயவிட்டு, அதே இடத்தில் மறுபடி சொட்டுவிட்டோம். தொட்டியின் உட்சுவரையும் குழாயின் வாயையும் ஈரத் தாளால் துடைத்தோம். பக்கத்து வீட்டுக் கணேசன் அண்ணன் கூடவே வந்தார். தேயிலை வெட்டும் மெஷின் பிடித்துப் பிடித்துத் தோள் இறுகிய மனிதர். அவருடைய பிள்ளைகளுக்குத்தான் வாந்தி. "நல்லா எடு பாப்பா. தவுக்கே மூஞ்சியில காட்டணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஈப்போவுக்கு வந்து ஒவ்வொரு தாளாக மாட்டினோம். ஒன்றுமில்லை. எந்த மருந்தின் எடையிலும் கோடு எழும்பவில்லை. நீ போனில் லயத்துக்குச் சொன்னாய். அந்தப் பக்கத்திலிருந்து கணேசன் அண்ணனின் குரல் வந்தது.

"படிச்சுட்டா நீங்கள்லாம் தவுக்கே பக்கந்தான். தெரியாமயா இருக்கு."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாய். உன்னை ஊரே கொண்டாடி அனுப்பியது. கோயில் ஒலிபெருக்கியில் உன் பேரைச் சொன்னார்கள் என்று நீயே கூச்சத்தோடு சொல்லியிருக்கிறாய். அதே ஊர் இப்போது உன்னை அந்நியமாகப் பார்த்தது. அது வலித்தது என்பது உன் முகத்தில் தெரிந்தது. ஆனால் நீ எழுந்தது அந்த வலியால் அல்ல என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அண்ணியின் வாயில் புண் இருக்கிறது, தாளில் ஒன்றுமில்லை. இந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை. உனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு களைக்கொல்லியின் தரக் கரைசலை எடுத்தாய். புல்லில் பட்டால் இலையைக் கருக்கும், வாயில் பட்டால் புண்ணாக்கும் மருந்து. தோட்டங்களில் பல காலம் அடித்து, பிறகு நாட்டில் தடை செய்யப்பட்டது. அளவு தெரிந்த ஒரு சொட்டைச் சுத்தமான தாளில் விட்டாய். எல்லாமே தெரிந்து, நாமே நம் கையால் வைத்த விஷம். மெஷினில் மாட்டினோம். திரையில் கோடு எழும்பியதா இல்லையா என்று சண்டை போடும் அளவுக்குத்தான் அசைந்தது. அதே அளவைத் தாள் இல்லாமல் நேராக உள்ளே செலுத்தினாய். கோடு திரையின் உச்சியைத் தொட்டது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. பேப்பர்தான் புடிச்சு வெச்சிருக்கு" என்றாய்.

உடனே ஒரு துண்டுத் தாளில் எனக்கு வரைந்து காட்டினாய். கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் தாள், அருகே போனால் இழைகளின் காடு. அந்த இழைகளின் மேல் அங்கங்கே எதிர்மின்னூட்டம் ஒட்டியிருக்கும். இந்த மருந்தின் மூலக்கூறோ இரட்டை நேர்மின்னூட்டம் உள்ளது. தாளில் விழுந்ததும் இழை அதைப் பற்றிக்கொள்ளும். மற்ற மருந்துகளைக் கரைப்பான் அழைத்தால் வந்துவிடும். இது வராது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இத்தனை வேலையும் வீணா என்றேன். நீயோ சிரித்தாய். "இது கெட்ட சேதி இல்லடி. இல்லைன்னு நெனச்சோம். இப்ப, இல்லையான்னே தெரியாதுன்னு தெரிஞ்சிருக்கு. இனி வேலை செய்யலாம்."

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் உன்னோடு நான் வாழ்ந்த நாட்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை. மூடி இறுகும் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் தாள்களைத் தொங்கவிட்டு, கீழே சின்னக் கிண்ணத்தில் சிலேன் திரவத்தை வைத்து மூடுவாய். அதன் ஆவி இழைகளின் மேல் மெல்லிய போர்வையாகப் படியும். வெளியே எடுத்தால் பார்வைக்கு அதே வெள்ளைத் தாள்தான். ஆனால் தண்ணீர் சொட்டை விட்டால் ஊறாது. வட்டமாக எழும்பி நிற்கும். முதலில் ஆவி அதிகமாகிப் போய், சொட்டு தாளில் நிற்காமல் மேசைக்கே உருண்டது. அடுத்த முறை ஆவி போதவில்லை, பழையபடி ஊறியது. ஒரு தடவை கரைப்பானே தாளில் நகராமல் முரண்டு பிடித்தது. ஆவியின் நேரத்தை மாற்றினாய். கரைப்பானில் கொஞ்சம் அமிலம் கலந்தாய். இழையின் பிடியைத் தளர்த்த அது உதவும் என்றாய். ஒரு மத்தியானம், நாமே வைத்த விஷம் திரையில் நிமிர்ந்து நின்றது. நீ என் தோளைப் பிடித்துக் குலுக்கியதில் என் கண்ணாடி கீழே விழுந்தது.

இரண்டாவது தடவை ஏறியபோது, மாதிரி எடுக்கும் முன்பே லயத்து ஆட்களைக் கோயில் முன்னால் கூட்டினாய். போகும் வழியில் இதே ரிங்லெட்டில் வாங்கிய நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து, சம்பாலைக் கொஞ்சம் நாளிதழிலும் கொஞ்சம் பொட்டலக் காகிதத்திலும் வைத்தாய். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டையும் துடைத்துக் காட்டினாய்.

"போன தடவை நாங்க கொண்டாந்தது இந்த நியூஸ்பேப்பர் மாதிரி. உள்ள இழுத்து வெச்சுக்கிட்டுத் திருப்பித் தரல. இந்த தடவை கொண்டாந்திருக்கிறது இது மாதிரி. வாங்கினதைத் திருப்பிக் குடுக்கும்."

கணேசன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அப்ப போன தடவை நீ சொன்னது பொய்யா?"

"பொய் இல்லண்ணே. அரைகுறை. அதை நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவர் கையை அவிழ்த்தார். அவ்வளவுதான். ஆனால் ஓடைக்குப் போகும்போது முன்னால் நடந்து செடியை விலக்கி வழி விட்டவர் அவர்தான்.

அன்று எல்லா இடமும் துடைத்தோம். தவுக்கேயின் வாய்க்கால், ஓடைக் கல், குழாய் வாய், லயத்துக்குப் பின்னாலிருந்து வந்து ஓடையில் சேரும் சின்ன நீர்வழி. மருந்தடிக்கும் வேலை செய்தவர்கள் கையையும் துடைக்க வேண்டும் என்றாய். தவுக்கே முதலில் முறைத்தார். நீ சீன மொழியில் ஏதோ சொன்னாய்; அவர் சிரித்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "கை சுத்தம்னா உங்களுக்குத்தான் நல்லதுன்னேன்" என்றாய்.

உன் அண்ணன் முன்பு தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையில் இருந்தவர். இடுப்பு வலி வந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, தொழிற்சாலையில் மூட்டை கட்டினார். மிச்ச நேரத்தில் லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தியில் பயற்றங்காயும் கத்தரியும் போட்டிருந்தார். நீ ஈரத் தாளோடு போனதும் உள்ளங்கையை விரித்து, "என்ன, கைரேகை பாக்கிறியா? கல்யாணம் ஆயிருச்சுன்னு சொல்லிரு" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீதான் அதிகம் சிரித்தாய்.

ஈப்போவுக்குத் திரும்பியதும் திரை அந்தச் சிரிப்பை நிறுத்தியது. தவுக்கேயின் வாய்க்கால் சுத்தம். அவர் கை சுத்தம். அதே வகைத் தாளில் நாம் வைத்துப் பார்த்த விஷம் பளிச்சென்று தெரிந்தது. அதனால் இந்தச் சுத்தத்தை நம்பலாம். ஓடையின் மேல்பகுதியும் சுத்தம். லயத்துக்குப் பின்னாலிருந்து வரும் நீர்வழி சேரும் இடத்துக்குக் கீழே கோடு எழும்பியது. குழாய் வாயிலும் எழும்பியது. கடைசியாக உன் அண்ணனின் உள்ளங்கைத் தாளை மாட்டினாய். அன்று திரையில் பார்த்ததிலேயே உயரமான கோடு அதுதான்.

நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாய். "அண்ணன்தான்" என்றாய். ஒருமுறை எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்தாய்.

"இப்ப என்ன செய்யறது?" என்று கேட்டேன்.

"மொதல்ல அவர்கிட்ட நான் சொல்றேன். மத்தவங்ககிட்ட அவர் சொல்லணும்."

நாம் போய்ச் சேர்ந்தபோது மலையில் சாயங்கால மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருந்தார், காரமில்லாத ரசம். உன் அண்ணன் வாசலில் உட்கார்ந்து தேவியின் பள்ளிக் காலணிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். நீ அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய்.

"அண்ணே, பாத்தியில என்ன அடிக்கிறீங்க?"

"என்ன அடிப்பேன்? சாணி போடுவேன்."

"அண்ணே."

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "ஏன், உன் பேப்பர்ல என் பேரு எழுதியிருக்கா?"

"ஆமாண்ணே. எழுதியிருக்கு."

அவர் எழுந்துவிட்டார். ஊரே தவுக்கேயைச் சொல்லும்போது கூடப் பிறந்த தங்கைக்கு அண்ணன்தான் கண்ணில் பட்டானா என்று கேட்டார். வருஷக்கணக்கில் அந்த மருந்தைக் கையில் தொட்டவன் நான், எனக்கு என்ன ஆகிவிட்டது என்றார். குரல் ஏறிக்கொண்டே போனது. நீ எழுந்து அவருடைய வலது கையைப் பிடித்து, விரல்களை விளக்குப் பக்கம் திருப்பினாய். நகங்கள் வெளுத்து, மேடும் பள்ளமுமாக, ஒன்று பாதியில் உடைந்திருந்தது. எத்தனையோ தடவை அந்தக் கையால் எனக்கு டீ கொடுத்திருக்கிறார். நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுப்படியிலிருந்து அண்ணி வெளியே வந்து நின்றார். கரண்டி கையிலேயே இருந்தது. "என்னங்க, அந்தப் பழைய டிரம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னீங்களே?"

உன் அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் பின்னால் போய், சாக்குப் போட்டு மூடியிருந்த ஒரு நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். முன்பு தோட்டத்தில் மருந்தடிக்கும் குத்தகை எடுத்திருந்தவர் விட்டுப்போனது, வீணாவானேன் என்று வைத்திருந்தாராம். குனிந்து களை பிடுங்க இடுப்பு விடவில்லை. கொஞ்சமாகத்தான் கலப்பார். அடித்து முடித்துவிட்டுத் தெளிப்பானை அந்தச் சின்ன நீர்வழியில் கழுவுவார். அது ஓடையில் எங்கே சேர்கிறது என்று யோசித்ததில்லை. செடி மறைத்திருந்தது.

"அவ வாய்ப்புண்ணுக்கு நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன்" என்றார் உன்னிடம். "ஒவ்வொரு தடவையும் நான்தான்."

அப்போதுதான் நீ அழுதாய்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அவரே கோயில் முன்னால் நின்று சொன்னார். நீளமாகச் சொல்லவில்லை. "தண்ணியில விட்டது தவுக்கே இல்ல. நான். தெரியாம செஞ்சேன். டிரம்ம விவசாய இலாகாவுல ஒப்படைக்கப் போறேன்." கணேசன் அண்ணன் எழுந்து வந்தார். அடித்துவிடுவார் என்றுதான் நான் பயந்தேன். முகத்துக்கு நேரே வந்து நின்று, "என் புள்ளைங்கய்யா" என்றார். திரும்பி நடந்து போய்விட்டார். உன் அண்ணன் இடத்தைவிட்டு நகரவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடி வேலை செய்யும் கோத்தோங் ரோயோங்குக்கு முதலில் மண்வெட்டியோடு வந்தவரும் கணேசன் அண்ணன்தான். குழாயை நீர்வழி சேரும் இடத்துக்கு மேலே மாற்ற வேண்டியிருந்தது. அதற்கான புதுக் குழாயைத் தவுக்கே தன் லோரியில் ஏற்றி அனுப்பினார். சேதி அவர் காதுக்கும் போயிருந்தது. கொஞ்ச பேர் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டார்களாம். தொட்டியைக் கழுவினோம், பாத்தியின் மேல் மண்ணை வாரிச் சாக்கில் கட்டினோம். கணேசன் அண்ணனும் உன் அண்ணனும் ஒரே குழாயின் இரு முனையைத் தோளில் தூக்கிக்கொண்டு சரிவேறினார்கள். பாதி வழியில் உன் அண்ணன் இடுப்பைப் பிடித்தபோது, முன்னால் போன கணேசன் அண்ணன் திரும்பிப் பார்க்காமலே நின்றார். வலி விடும் வரை நின்றார்.

பிள்ளைகளின் வாந்தி நின்றது. அண்ணியின் வாய் ஆறியது. அடுத்த தீபாவளிக்கு அவர் வைத்த கோழிக் குழம்பில் நம் இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பரிமாறினார்.

உனக்கு இரத்தத்தில் புற்று என்று தெரிந்தது அதற்குப் பிறகு. லயத்தில் எல்லோரும், சின்ன வயதில் அந்த மருந்து வாடையிலேயே வளர்ந்தாய், அதனால்தான் என்றார்கள். உன் அண்ணன் அதைக் கேட்டு ஒடிந்து போனார். நீ படுக்கையிலிருந்தே அவரைத் திட்டினாய். "சும்மா எதையாவது சேத்து முடிச்சுப் போடாதீங்கண்ணே. எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?" உன் நோயைப் பற்றிக்கூட அளக்காத ஒன்றைச் சொல்ல நீ விடவில்லை.

மருத்துவமனையில் ஒருநாள் என்னைத் தாள் கொண்டுவரச் சொன்னாய். ஆவி காட்டிய தாள். விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை அதில் விட்டாய். இரத்தம் ஊறாமல், குன்றிமணி போலத் திரண்டு நின்றது. நாம் இருவரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு அதைப் பார்த்தோம். "அழகா இருக்குல்ல" என்றாய். காய்ந்ததும் எடுத்துப் போய் மெஷினில் மாட்டினேன். உனக்குக் கொடுத்த மருந்து தெளிவாகத் தெரிந்தது. படமெடுத்து அனுப்பினேன். "பெரிய ஊசியில குழாய் குழாயா எடுக்கிறாங்க. ஒரு சொட்டு போதும்னு இங்க யாராவது பசங்களுக்குச் செய்யணும்டி. நீ செய்" என்று பதில் வந்தது. பக்கத்து வார்டில் குழந்தைகள் அழும் சத்தம் உனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது என்று பிறகு அண்ணி சொன்னார்.

அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். மெதுவாகத்தான் போகிறது. இரத்தத்தில் உள்ள சில மருந்துகளைத் தாள் இன்னும் விடவில்லை. போர்வையை மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். உன் அண்ணன் தோட்டம் தோட்டமாகப் போய், வீட்டுக்குப் பின்னால் பழைய டிரம் வைத்திருப்பவர்களிடம் பேசுகிறார். தன் கதையைத்தான் முதலில் சொல்வாராம். அதைக் கேட்ட பிறகு ஒளித்து வைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. தேவிக்கு வேதியியல் பிடிக்கவில்லை. லோரி ஓட்டப் போகிறேன் என்கிறாள். உனக்கு அது பிடித்திருக்கும்.

இப்போது லெம்பா பெர்த்தாமில் உட்கார்ந்து எழுதுகிறேன். சேற்று வெள்ளம் வந்துபோன பள்ளத்தாக்கு. இங்கே காய்கறி கட்டும் கொட்டகையில் வேலை செய்யும் சரஸ்வதி என்ற பெண் போன மாதம் கிணற்றுத் தண்ணீரைப் பார்க்கச் சொல்லியிருந்தாள். முதல் சுற்றில், சாதாரணத் தாளில், ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் வந்ததும் கேட்டாள்.

"அப்ப ஒண்ணும் இல்லையா மிஸ்? குடிக்கலாமா?"

இல்லை என்ற சொல் நாக்கு வரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் நன்றி சொல்லியிருப்பாள், நானும் வெயில் தாழ்வதற்குள் மலை இறங்கியிருப்பேன். இப்போதெல்லாம் அந்தச் சொல் எனக்கு அவ்வளவு சுலபமாக வருவதில்லை. உன்னிடமிருந்து என்னோடு வந்தது அதுதான். இல்லை என்று சொல்லும் முன், இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டுப் பார்ப்பது. மாதிரித் தாளில் மட்டும் இல்லை. வீட்டில், வேலையில், ஒன்றுமில்லை என்று யாராவது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போதும்.

"இன்னும் தெரியலைம்மா" என்றேன். "எங்க பேப்பர் சில மருந்தை விடாது. வேற பேப்பர் கொண்டாந்திருக்கேன். அதுவரைக்கும் இப்ப குடிக்கிற தொட்டித் தண்ணியவே குடிங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. "படிச்ச நீங்களே தெரியலைன்னா நாங்க யாருகிட்ட கேக்கிறது?"

நான் விளக்க அவசரப்படவில்லை. அவள் பக்கத்தில் கோஸ் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து, இரண்டு தாளிலும் சொட்டு விட்டுக் காட்டினேன். ஒன்றில் ஊறியது, ஒன்றில் நின்றது. அவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். நின்ற சொட்டை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் பக்கம் இன்னொரு கிணறு இருக்கு மிஸ்" என்றாள். "நாங்க யாரும் சொன்னதில்ல. அதையும் பாத்துருங்க."

கொட்டகைக்கு வெளியே செருப்பை மாட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறாள். நான் போக வேண்டும்.